தேகமா, யாக்கையா? மறைமலைநகரிலிருந்து ஒரு நீண்ட இழை

1. மறைமலைநகர் என்றதும் நிறைய பேர் இது ஏதோ ஒரு மலையோட பேர்னு நினைக்கிறாங்க. இல்லீங்க. அது ஒரு மனுஷனோட பேர். 1876-ல் நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம். 'வேதம்' மறை ஆச்சு, 'அசலம்' மலை ஆச்சு. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். ஜி.எஸ்.டி. ரோட்டுல தினமும் பலகையைப் பார்த்துட்டுப் போறோம். அந்த ஆளு என்ன சொன்னார், அதுல இன்னிக்கு எது நமக்கு வேணும், எது வேண்டாம்? அதைத்தான் இந்த இழையில் பேசப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2. "டாக்டருக்கு எதுக்குங்க இந்த வேலை?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். தமிழ்ப் பேராசிரியர் இல்ல. ஆனா என் ஓபியில உட்கார்ந்து பார்த்தீங்கன்னா புரியும். ஒருத்தர், "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல"ங்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்திட்டு வருவார். அவருக்குப் பக்கத்துல இன்னொருத்தர், கையில இருக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு வரிகூட புரியாம நிற்பார். முதல் ஆள் பழசை அளவுக்கு மீறி நம்பினவர். ரெண்டாவது ஆளை நாம மொழியால வெளியே நிறுத்தி வச்சிருக்கோம். ரெண்டுக்கும் வேர் ஒரே இடத்துல இருக்கு.

3. அந்த இடத்துக்குப் பேர் மறுமலர்ச்சி. 14-ஆம் நூற்றாண்டுல இத்தாலியில தொடங்கினது. அப்போ சில அறிஞர்கள் பழைய கிரேக்க, லத்தீன் ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, பிழை திருத்திப் படிக்க ஆரம்பிச்சாங்க. இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறநெறி: இந்த அஞ்சும்தான் மனுஷனை மனுஷன் ஆக்கும் படிப்புன்னு சொன்னாங்க. அவங்களைத்தான் ஹியூமனிஸ்டுகள்னு சொல்றோம். 'மனிதநேயர்'னு மொழிபெயர்த்தா ஏதோ அன்னதானம் பண்றவங்க மாதிரி தோணும். அது வேற, இது வேற. இவங்க முதல்ல ஏடு தேடின ஆட்கள்.

4. நம்ம ஊர்ல இதே வேலை 19-ஆம் நூற்றாண்டுல நடந்துச்சு. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை, கும்பகோணத்துல வேலை பார்த்த உ.வே.சாமிநாதையர். கரையான் தின்ன ஓலைகளை ஊர் ஊரா தேடினாங்க. 1887-ல் தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வந்தது, உ.வே.சா.வின் சீவக சிந்தாமணியும் வந்தது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இவ்வளவும் அச்சுக்கு வந்த பிறகுதான், "எங்களுக்கு இவ்வளவு பெரிய பழமை இருக்கு"ன்னு தமிழன் நெஞ்சை நிமிர்த்தினான். அடுத்த தலைமுறையில அந்த நிமிர்வோட குரலா வந்தவர்தான் அடிகள். 1916-ல் தனித்தமிழ் இயக்கம்.

5. இதுல எதை நான் ஏற்கிறேன்? முதல் விஷயம்: மூலத்துக்குப் போ. அடுத்தவன் சொன்னதை அப்படியே சொல்லாதே. உ.வே.சா. சைவ மடத்துல பாடம் கேட்டவர். சிந்தாமணியோ சமண நூல். தனக்குப் புரியாத இடத்துல "இப்படித்தான் இருக்கும்"னு அடிச்சு விடல. கும்பகோணத்துல இருந்த சமணர் வீடுகளுக்குப் போய், "இந்தச் சொல்லுக்கு உங்க மரபுல என்ன பொருள்?"னு கேட்டு எழுதிக்கிட்டார். படிச்ச பண்டிதர், யாருடைய நூலோ அவங்க கிட்டயே போய் மாணவனா உட்கார்ந்தார்.

6. மருத்துவத்துல இதுக்குப் பேர் ஹிஸ்டரி எடுக்கிறது. "நெஞ்சு எரியுது"ன்னு ஒரு அம்மா சொன்னா, அது அல்சர் எரிச்சலா, மாரடைப்பா, மனசு எரியுதா? அவங்க ஊர்ல, அவங்க வாயில அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்னு அவங்களைத்தான் கேட்கணும். "படபடப்பு", "கிறுகிறுப்பு", "மேல் வலி", "வெட்டை", "வாயு புடிச்சிருக்கு". இதெல்லாம் எந்த மெடிக்கல் புத்தகத்திலும் இல்லாத மூலங்கள். நோயாளிதான் ஏடு. அந்த ஏட்டை நிதானமா படிக்காம டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறவன், உரை படிக்காம நூல் பதிப்பிக்கிறவன் மாதிரி.

7. ரெண்டாவதா ஏற்கிறது: பழசுன்னு சொன்ன உடனே நம்பாதே, சோதிச்சுப் பார். 1440-ல் லொரென்சோ வல்லான்னு ஒரு இத்தாலிய ஹியூமனிஸ்ட். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், 4-ஆம் நூற்றாண்டுல தன் மேற்குப் பேரரசையே போப்புக்கு எழுதிக் கொடுத்ததா ஒரு பத்திரம் இருந்துச்சு. பல நூற்றாண்டா அதைக் காட்டி அதிகாரம் பண்ணினாங்க. வல்லா என்ன பண்ணினார்? அந்தப் பத்திரத்தோட லத்தீனைப் படிச்சார். "இந்தச் சொல்லெல்லாம் கான்ஸ்டன்டைன் காலத்துல கிடையவே கிடையாதே, பின்னாடி வந்ததாச்சே"ன்னு காட்டினார். பத்திரம் போலின்னு ஆயிடுச்சு. ஒரு ராணுவம் இல்ல, ஒரு வழக்கு இல்ல. வெறும் இலக்கண அறிவு.

8. இந்த வல்லா சோதனையை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுப் பாருங்க. டெங்கு சீசன் வந்தா, "5000 ஆண்டுகளுக்கு முன்பே சித்தர்கள் சொன்ன பப்பாளி இலைச்சாறு"ன்னு ஒரு ஃபார்வர்டு வரும். பப்பாளி அமெரிக்கக் கண்டத்து மரம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா எல்லாமே அப்படித்தான். 1492-க்குப் பிறகு, கப்பல் ஏறி வந்தவை. அப்போ 5000 வருஷத்துக்கு முன்னாடி சித்தர் எந்தப் பப்பாளி மரத்துல இலை பறிச்சார்? இதைக் கேட்க டாக்டர் படிப்பு வேண்டாம். கொஞ்சம் வரலாறு போதும். உங்க பிள்ளைக்கு நீங்க கொடுக்க வேண்டிய தடுப்பூசி இது.

9. இப்போ இடறுற இடத்துக்கு வரேன். 1492-லேயே இத்தாலியின் ஃபெராரா ஊர்ல நிக்கோலோ லியோனிசெனோன்னு ஒரு மருத்துவர் ஒரு புத்தகம் போட்டார். ரோமானியர் பிளினி எழுதின மூலிகைக் குறிப்புகள்ல எவ்வளவு பிழைன்னு பட்டியல் போட்டார். ஒரு செடியோட பேர் தப்பா போனா இலக்கணப் பிழை மட்டும் இல்ல, ஆளோட உயிர் போகும்னு வாதாடினார். அருமையான ஆள். ஆனா அவர் கொடுத்த தீர்வு என்ன? "ரோமானியனை விடு, அதைவிடப் பழைய கிரேக்கன்கிட்ட போ, அங்க எல்லாம் சரியா இருக்கும்."

10. இந்த ஒரே ஆள்கிட்ட நான் ஏற்கிறதும் இருக்கு, மறுக்கிறதும் இருக்கு. பிழையைத் தேடு என்பது சரி. மூலத்துக்குப் போ என்பதும் சரி. ஆனா மூலம் கிடைச்சா உண்மை கிடைச்ச மாதிரின்னு நினைச்சது தப்பு. மூல ஓலை சரியா கிடைச்சா, அந்த ஆசிரியர் என்ன சொன்னார்னு மட்டும்தான் தெரியும். அவர் சொன்னது உண்மையா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஓலை பதில் சொல்லாது. உடம்புதான் பதில் சொல்லும்.

11. இதை நிரூபிச்சவர் வெசாலியஸ். பதுவா பல்கலைக்கழகத்துல உடற்கூறு சொல்லிக் கொடுத்தவர். அவர் வெளியாள் இல்ல. கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைப் பதிப்பிக்கும் வேலையிலயே பங்கெடுத்தவர். அதனாலதான் கேலன் என்ன எழுதியிருக்கார்னு அவருக்கு அத்துப்படி. பிணத்தை அறுத்துப் பார்த்தா வேற மாதிரி இருக்கு. மனுஷனோட கீழ்த்தாடை ரெண்டு எலும்புன்னு கேலன் எழுதியிருந்தார். பார்த்தா ஒண்ணுதான். காரணம், கேலன் பெரும்பாலும் குரங்கு, பன்றி, மாடு மாதிரி விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியவர். 1543-ல் வெசாலியஸ் இதையெல்லாம் படம் போட்டு வெளியிட்டார்.

12. அவரோட ஆசிரியர் சில்வியஸ் என்ன சொன்னார் தெரியுமா? "கேலன் தப்பு இல்ல. கேலன் காலத்துக்கு அப்புறம் மனுஷ உடம்புதான் மாறிப் போச்சு." சிரிப்பு வருதா? இதே வசனத்தை நான் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறேன். "அந்தக் காலத்து உடம்பு வேற சார். அந்தச் சாப்பாடு வேற. அந்த மருந்து அப்போ கேட்டுச்சு." நூல் தப்பா இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா, உடம்பைத்தான் குத்தவாளி ஆக்கணும். 1551-ல் பாரிஸ்ல பண்ணினதைத்தான் இன்னிக்கு யூடியூப்ல பண்றாங்க.

13. "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல." சரிங்க, ஒத்துக்கிறேன். எப்படி ஒத்துக்கிறேன்னு சொல்றேன். சித்த மருத்துவத்துல பறங்கிப்பட்டைன்னு ஒரு சரக்கு இருக்கு. மேகநோய் முதலான புண்களுக்குச் சூரணமாக் கொடுப்பாங்க. பேரைப் பாருங்க. பறங்கி! வெளிநாட்டுக்காரன் கப்பல்ல வந்த பிறகு வந்த பேர். அதாவது புது நோய் வந்துச்சு, புதுச் சரக்கு வந்துச்சு. நம்ம வைத்தியர் "எங்க ஏட்டுல இல்ல"ன்னு கையைக் கட்டிட்டு நிற்கல. எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தார். அதனாலதான் அவர் முட்டாள் இல்ல. எதையும் புதுசா கத்துக்க மாட்டேன்னு சொல்ற பேரன்தான் அந்த முன்னோரை முட்டாள் ஆக்குறான்.

14. நீரிழிவை நம்ம வைத்தியர்கள் கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. சிறுநீர்ல எறும்பு மொய்க்கிறதைக் கவனிச்சிருந்தாங்க. அற்புதமான கவனிப்பு. ஆனா 1922-க்கு முன்னாடி, டைப் 1 சர்க்கரை வந்த குழந்தை உலகத்துல எந்த ஊர்ல பிறந்திருந்தாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல போயிடும். மதுரையிலும் அப்படித்தான், லண்டன்லயும் அப்படித்தான். 1921-ல் இன்சுலின் கண்டுபிடிச்சாங்க, 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்குப் போட்டாங்க. அந்தக் குழந்தையோட இன்சுலினை "இயற்கை வைத்தியம்"னு நிறுத்தச் சொல்றவன் தமிழ்ப் பற்றாளன் இல்ல. உயிரோட விளையாடுறவன். இதை மென்மையா சொல்ல எனக்கு வராது.

15. அடிகளுக்கே வருவோம். அவர் 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை'ன்னு ஒரு நூல் எழுதியவர். உணவு, மூச்சு, பழக்கவழக்கம் பற்றியெல்லாம் அதுல அக்கறையோட எழுதினார். 1950-ல், 74 வயசுல இறந்தார். உடனே "பார்த்தியா, நூறு வாழலையே"ன்னு கிண்டல் பண்ணாதீங்க. ஒருத்தர் எப்போ இறந்தார்னு வச்சு அவர் நூலை அளக்கிறது அறிவியல் இல்ல. ஆனா இதைக் கேளுங்க. இந்தியா சுதந்திரம் வாங்கினப்போ சராசரி ஆயுள் சுமார் 32. இன்னிக்கு சுமார் 70. அதை ஏத்தினது எது? தடுப்பூசி, குளோரின் போட்ட தண்ணி, ஆன்டிபயாட்டிக், ஆஸ்பத்திரியில் பிரசவம், வயித்துக்குச் சோறு. தமிழ்நாட்டுல 2018-20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறப்பு. இந்தியாவுக்கு 97. இது ஏட்டுல இருந்து வந்தது இல்ல. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடா நடந்ததுல வந்தது.

16. அடுத்து மொழி. இங்கதான் என் மேல கல் விழும், தெரியும். தனித்தமிழ் இயக்கம் எப்படித் தொடங்கிச்சுன்னு வழக்கமா சொல்லுவாங்க: அடிகளும் மகள் நீலாம்பிகையும் வள்ளலார் பாட்டு ஒண்ணைப் படிச்சுட்டு இருந்தப்போ, அதுல 'தேகம்'னு வர்ற இடத்துல 'யாக்கை'ன்னு தமிழ்ச்சொல் இருந்தா இன்னும் நல்லா இருக்குமேன்னு பேச்சு வந்துச்சாம். கவனிச்சீங்களா? ஆரம்பிச்ச சொல்லே உடம்பைக் குறிக்கிற சொல். அப்படின்னா டாக்டருக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு இல்லையா?

17. இதுல ஏற்கிறதை முதல்ல சொல்றேன். தன் மொழியில் பேச வெட்கப்படாதே, உன் மொழியால் எதையும் சொல்ல முடியும் என்ற அந்த நம்பிக்கை இல்லாம இருந்திருந்தா, 'மருத்துவமனை', 'அறுவைச் சிகிச்சை', 'மக்களைத் தேடி மருத்துவம்' எதுவுமே நம்ம வாயில வந்திருக்காது. செங்கல்பட்டு பக்கத்துல திருமணியில தொழுநோய்க்குன்னே மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு 1955-லிருந்து இருக்கு. 'குஷ்டரோகி'ன்னு கூப்பிட்ட காலத்துல அது நோய் இல்ல, வசவு. 'தொழுநோய்'னு சொல்லும்போது அது கூட்டு மருந்தால் 6 மாசத்துலயோ 12 மாசத்துலயோ குணமாகிற ஒரு நோய். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்ததும் அப்படித்தான். சொல் மாறினா நிமிர்வு வருது. இது உண்மை.

18. ஆனா தூய்மை வேற, நிமிர்வு வேற. ஐரோப்பாவுல இதே பைத்தியம் இருந்துச்சு. ரோமானியப் பேச்சாளர் சிசரோ பயன்படுத்தாத ஒரு சொல்லைக்கூட நான் எழுத மாட்டேன்னு சபதம் போட்ட லத்தீன் பண்டிதர்கள். 1528-ல் எராஸ்மஸ் இவங்களைக் கிழிச்சு ஒரு புத்தகம் எழுதினார். அதுல அந்தப் பித்தை ஒரு நோயாகவே வச்சு, அது பிடிச்ச ஒரு பாத்திரத்துக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி எழுதியிருக்கார். அவரே பெரிய ஹியூமனிஸ்ட், பழமையை உயிரா நேசிச்சவர். அவர் கேட்டது சுருக்கமா இதுதான்: உலகம் மாறிடுச்சு, பேச வேண்டிய விஷயம் மாறிடுச்சு, செத்தவனோட சொற்களை மட்டும் வச்சுக்கிட்டு உயிரோட இருக்கிறவன்கிட்ட எப்படிப் பேசுவே?

19. அதே கேள்வியை நான் கேட்கிறேன். 'சுகர்', 'பிரஷர்', 'ஸ்கேன்', 'ஊசி', 'மாத்திரை', 'டெலிவரி', 'சளி', 'ஆபரேஷன்'. இதுல எது தமிழ், எது இல்லைன்னு பார்த்தா நோயாளி செத்துப் போவார். 'குருதி அழுத்தம்'னு சொன்னா முழிக்கிற தாத்தா, 'பிரஷர்'னு சொன்னா "மாத்திரை போட்டுட்டுத்தான் இருக்கேன்"னு சொல்லுவார். அவர் சொல்லும் 'பிரஷர்' இன்னிக்குத் தமிழ்ச் சொல். அதே சமயம் 'ப்ராக்னோசிஸ்', 'மெட்டாஸ்டாசிஸ்' எல்லாம் தமிழ் இல்ல. அங்க "புற்று மத்த இடத்துக்கும் பரவியிருக்கு"ன்னுதான் சொல்லணும். சொல் எங்கிருந்து வந்துச்சுன்னு நான் பார்க்க மாட்டேன். கேட்கிறவருக்குப் புரிஞ்சுதா? அது ஒண்ணுதான் என் சோதனை.

20. இதைச் செஞ்சு காட்டின ஒருத்தர் இருக்கார். அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் 1860-களில் தமிழ்லயே மேலை மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். உடற்கூறு, அறுவைச் சிகிச்சை, வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார். நூல் பேர் 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்'. தூய தமிழா? இல்லவே இல்ல. சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கலந்தது. ஆனா அதைப் படிச்சுத் தமிழ் இளைஞர்கள் டாக்டர் ஆனாங்க, அவங்க ஊர்லயே வேலை பார்த்தாங்க. 150 வருஷம் ஆச்சு. "தமிழ்ல மருத்துவம் முடியுமா?"ன்னு கேட்கிறவங்களுக்கும் பதில் அதுல இருக்கு. "தூய தமிழ்லதான் முடியணும்"னு சொல்றவங்களுக்கும் பதில் அதுலயே இருக்கு.

21. என் சக டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. தனித்தமிழ்காரங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். நாம என்ன எழுதுறோம்? சீட்டுல பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ். இதெல்லாம் என்ன மொழி? லத்தீன்! தினம் ரெண்டு வேளை, மூணு வேளை, தூங்கப் போகும் நேரம்னு லத்தீன்ல எழுதுறோம். மறைமலைநகர்ல ஒரு கம்பெனித் தொழிலாளிக்கு, ரோமாபுரி மொழியில மருந்துச் சீட்டு. இதுல தூய்மைவாதி யாரு, நாமளா அவங்களா? நம்ம பார்மசிஸ்ட் அக்கா கவர் மேல 1-0-1ன்னு எழுதிக் கொடுக்கிறாங்களே, அதுதான் மருத்துவம். "நேரம் இல்ல"ன்னு சொல்லாதீங்க. எனக்கும் ஓபி வரிசை வாசல் வரைக்கும் நிற்குது. 'காலை 1, இரவு 1'ன்னு எழுத ஆகிற நேரம் மூணு செகண்டு.

22. மூணாவதா நான் மறுக்கிறது இன்னும் ஆழமானது. நாக்குக்கும் பேனாவுக்கும் கொடுத்த மரியாதையை ஹியூமனிஸ்டுகள் கைக்குக் கொடுக்கல. அவங்களோட முன்னோடி பெட்ரார்க், 1350-களில் ஒரு டாக்டரைத் திட்டியே ஒரு புத்தகம் எழுதினார். மருத்துவம் வெறும் கைத்தொழில், நீ எப்படிக் கவிஞனோட சரிசமமா பேசலாம்னு கேலி. அந்தக் காலத்துல லத்தீன் படிச்ச டாக்டர் நாடி பார்ப்பார், நூல் படிப்பார். புண்ணைக் கீறுறது, கட்டுப் போடுறது முடிதிருத்துபவர் வேலை. கை வேலையைப் பிறர்கிட்ட விட்டதால்தான் மருத்துவமே கெட்டதுன்னு வெசாலியஸ் தன் நூல் முன்னுரையிலேயே புலம்பியிருக்கார்.

23. ஆம்ப்ரோஸ் பாரே அப்படி முடிதிருத்துபவரா இருந்து அறுவை மருத்துவர் ஆனவர். லத்தீன் தெரியாது. அப்போ துப்பாக்கிக் காயத்துல கொதிக்கிற எண்ணெய் ஊத்துறது புத்தக வைத்தியம். 1537-ல் டியூரின் போர்ல எண்ணெய் தீர்ந்து போச்சு. முட்டைக்கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து தடவினார். ராத்திரி தூக்கம் வரல அவருக்கு. காலையில போய்ப் பார்த்தா, எண்ணெய் ஊத்தினவங்க வலியில துடிக்கிறாங்க, தடவினவங்க நல்லா தூங்கியிருக்காங்க. அன்னியிலிருந்து எண்ணெயை விட்டார். 1545-ல் அதைப் பிரெஞ்சுல, மக்கள் பேசுற மொழியில எழுதினார். கவனிச்சுப் பார்த்த கைதான் அங்க ஜெயிச்சுது.

24. தமிழ்நாட்டுல முடிதிருத்தும் சமூகத்துக்குப் பேரே என்ன? மருத்துவர். அவங்க கட்டி கீறினாங்க, மூலிகை அரைச்சாங்க. அவங்க வீட்டுப் பெண்கள் மருத்துவச்சியா ஊருக்கே பிரசவம் பார்த்தாங்க. அவங்க கையில பிறந்தவங்கதான் அவங்களைத் தெருவுக்குள்ள விடாம வச்சாங்க. அடிகள் சாதி வேற்றுமையைக் கண்டிச்சு எழுதியவர், அதை மறக்கக் கூடாது. ஆனா 1923-ல் 'வேளாளர் நாகரிகம்'னு எழுதி, தமிழ் நாகரிகத்தோட பெருமையை ஒரு சமூகத்தோட தோள்ல ஏத்தி வச்சவரும் அவர்தான். எந்த மறுமலர்ச்சியும் "நம் முன்னோர்"னு சொல்லும்போது, அந்த 'நம்'ல யார் இருக்கா, யார் இல்லன்னு கேளுங்க. மருத்துவச்சி அந்த ஏட்டுல இருக்காளா?

25. நாலாவது. மறுமலர்ச்சியோட பெரிய பெருமைன்னு சொல்றது, இத்தாலியர் பிக்கோ 1486-ல் எழுதின மனித மாண்பு பற்றிய உரை. மத்த உயிருக்கெல்லாம் இயல்பு நிர்ணயிக்கப்பட்டிருக்கு, மனுஷன் மட்டும் தன்னைத் தானே வடிவமைச்சுக்கலாம், அதனால அவன் உயர்ந்தவன். கேட்க நல்லா இருக்கு. நாமளும் 'ஆறறிவு'ன்னு சொல்லிப் பெருமைப்படுறோம். ஆனா வார்டுல வந்து நில்லுங்க. மறதி நோய்ல தன் பிள்ளையையே அடையாளம் தெரியாத பாட்டி. மூளைவளர்ச்சி குன்றிய குழந்தை. வென்டிலேட்டர்ல இருக்கிற பையன். இவங்க யாரும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அப்போ இவங்களுக்கு மாண்பு இல்லையா? அறிவுலயும் தேர்விலயும் மாண்பைக் கட்டி வச்சா, அது முதல்ல கைவிடுறது என் நோயாளியைத்தான்.

26. நான் நம்புற மாண்பு எப்படி இருக்கும்னா, 2021 டிசம்பர்ல வந்த 'நம்மைக் காக்கும் 48' மாதிரி. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள ரோட்டுல அடிபட்டா போதும். எந்த மாநிலம், எந்த நாடு, என்ன மொழி எதையும் பார்க்காம, திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேரத்துக்கு அரசு செலவுல சிகிச்சை. நீ என்ன படிச்சிருக்கே, என்ன சாதிச்சிருக்கேன்னு கேட்கல. ரத்தம் வருதா, வா உள்ள. ஜி.எஸ்.டி. ரோட்டுல தினம் வண்டி ஓட்டுறவங்களுக்கு இதோட அருமை தெரியும். பேரும் பாருங்க, நல்ல தமிழ். பொருளோ உலகத்துக்கே.

27. இப்போ கசப்பான ஒண்ணு. இன்னிக்கு மறைமலைநகர் கம்பெனிகள்லயும் ஒரகடத்துலயும் வேலை பார்க்கிறவங்கள்ல ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் ஆட்கள் ஏராளம். மிஷின்ல கை மாட்டினா வருவாங்க. தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. "தாய்மொழியில் பேசுறது மனுஷனோட மாண்பு"ன்னு நாம மேடையில சொல்றது உண்மைன்னா, அது அந்த ஒடியாப் பையனுக்கும் உண்மை. வரிசையில அவனைப் பார்த்து "தமிழ் தெரியாதா, இங்க எதுக்கு வந்தே?"ன்னு கத்துறவர் தமிழைக் காப்பாத்தல. ஆங்கிலத்துல கத்தி நம்ம பாட்டியைப் பயமுறுத்துற டாக்டரோட வேலையைத்தான் அவரும் பண்றார்.

28. "மேல்நாட்டானை வச்சு எங்களை அளக்கிறியா?"ன்னு கேட்பீங்க. ஒப்பிட்டது அளக்க இல்ல. அதே ஆசை, அதே தப்பு ரெண்டு ஊர்லயும் நடந்திருக்குன்னு காட்டத்தான். அவங்க கேலனை விட்டு வெளியே வரப் பல நூற்றாண்டு எடுத்துக்கிட்டாங்க. நாம அவ்வளவு காலம் எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. "அப்போ நீ தமிழுக்கு எதிரியா?" எதிரி இவ்வளவு நீளமா தமிழ்ல எழுதிட்டு இருப்பானா சார்?

29. ஆக, உங்ககிட்ட கேட்கிறது மூணே விஷயம். ஒண்ணு, டாக்டர் சொன்னது புரியலைன்னா "தமிழ்ல சொல்லுங்க டாக்டர்"னு கேளுங்க. வெட்கம் வேண்டாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடும் முன்னாடி என்ன, ஏன், என்ன ஆபத்து, வேற வழி உண்டான்னு நோயாளிக்குச் சொல்லணும்னு 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. புரியாத தாள்ல கையெழுத்து போடாதீங்க. ரெண்டு, "சித்தர் சொன்னது, முன்னோர் சொன்னது"ன்னு ஃபார்வர்டு வந்தா, எந்த நூல், எந்தப் பாட்டுன்னு கேளுங்க. மூணு, எதைக் கேட்டாலும், யார் சொன்னாலும், ஓடிக்கிட்டு இருக்கிற மாத்திரையை, ஊசியை நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

30. அடிகள் தேகத்தை யாக்கைன்னு சொல்லச் சொன்னார். சொல்லுங்க, அழகான சொல். ஆனா உடம்பு சரியில்லன்னா, அந்த யாக்கையைத் தூக்கிக்கிட்டு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. அவசரம்னா 108. மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா கமெண்ட்ல எழுதுங்க. திட்டினாலும் பரவாயில்ல, தமிழ்லயே திட்டுங்க. ஓபி முடிஞ்சு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.